அட்லாண்டிஸுக்கு எழும்பூரில் இறங்க வேண்டும்

மே 14, புதன் – எழும்பூர், பெசன்ட் நகர்

"சித்தி, அட்லாண்டிஸ் வந்துவிட்டதா?" என்று கேட்டபடி முகிலன் கண் விழித்தபோது ரயில் தாம்பரத்தில் நின்றிருந்தது. எதிர் நடைமேடைக் குழாயடியில் ஒருவர் எந்த அவசரமும் இல்லாமல் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

நுணலும் தன் வாயால் கெடும். என் அக்கா மகன் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறான். விடுமுறை விட்டதிலிருந்து ஜூல் வெர்னின் கடலடிப் பயணக் கதையைத் தமிழ்ச் சுருக்கத்தில் நான்கு முறை படித்துவிட்டான். 1870இல் வந்த கதை அது. கேப்டன் நெமோ ஓர் இரவு பேராசிரியர் அரோனாக்ஸைக் கடலின் அடித்தரையில் நடத்திக் கூட்டிப்போவார். கடலடி எரிமலையின் வெளிச்சத்தில் இடிந்த நகரம் ஒன்று தெரியும். தலையில் கவசம் இருப்பதால் இருவரும் பேசிக்கொள்ள முடியாது. நெமோ ஒரு சுண்ணக்கல்லை எடுத்துக் கறுத்த பாறையில் அட்லாண்டிஸ் என்ற ஒரே ஒரு பெயரை எழுதிக் காட்டுவார். அந்தப் பெயரை எங்கள் அக்கா, வீட்டுச் சுவரில் இதுவரை மூன்று இடங்களில் அழித்திருக்கிறாள்.

"இதற்கு எதற்கு அட்லாண்டிக் வரை போக வேண்டும்? சென்னையிலேயே கடல் கொண்ட ஊர்கள் இருக்கின்றன" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட மயக்கத்தில் சொல்லிவிட்டேன். வங்கியில் விடுப்பு எழுதிக் கொடுத்து, அக்னி நட்சத்திரத்தில் திருநெல்வேலியிலிருந்து கிளம்பி வந்ததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

கட்டுச்சோறு புளிசாதம். டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எவர்சில்வர், கொஞ்சம் நசுங்கியது. மூடியில் "வரைபடப் போட்டி, முதல் பரிசு, 1989" என்று வெட்டியிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் குமரிக்கண்டம் வரைந்து வாங்கியது. அப்பா தமிழாசிரியர். அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். பஃறுளி ஆற்றுக்கு நீலம், குமரிக்கோட்டுக்குப் பழுப்பு, மற்ற இடமெல்லாம் பச்சை. மேற்கே மடகாஸ்கரைத் தொட்டு, கிழக்கே ஆஸ்திரேலியாவைத் தொட்டு, தெற்கே பச்சைப் பென்சில் தீர்ந்த இடத்தில் கண்டம் முடிந்தது.

பல்லாவரம் வந்ததும் முகிலனை ஜன்னல் பக்கம் திருப்பினேன். 1863ஆம் ஆண்டு மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இங்கேதான் மனிதன் செதுக்கிய பழைய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதனின் பழமை எவ்வளவு என்ற பேச்சு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது. "எங்கே, எங்கே?" என்று எட்டிப் பார்த்தான். ஒரு மேம்பாலமும் ஒரு பிரியாணிக் கடைப் பலகையும் தெரிந்தன. மறுபடி தூங்கிவிட்டான்.

விடுதி அறை 1,600 ரூபாய். ஏ.சி. உண்டு. அதிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு அடியில் வைக்க ஒரு வாளியும் உண்டு. "வாளி நாங்களே தருகிறோம் அம்மா" என்று பையன் பெருந்தன்மையோடு சொன்னான்.

மாலை பெசன்ட் நகர் கடற்கரை. பகலெல்லாம் ஈரத்துணியால் மூடிய பாத்திரத்துக்குள் இருப்பது போன்ற புழுக்கம். ஐந்து மணிக்குமேல் கடற்காற்று வந்ததும் ஊரே ஒரு பெருமூச்சு விட்டது. மணலில் வெள்ளை வளைவாக நிற்கும் ஷ்மிட் நினைவிடத்தை முகிலன் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, கடல் கொண்ட நகரத்தின் வாசல் என்று தீர்மானித்துவிட்டான். 1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப்போன டென்மார்க்காரர் ஒருவருக்காகக் கட்டியது என்று சொன்னேன். "அப்படியானால் கடல் ஒரே ஓர் ஆளைத்தான் கொண்டது" என்றான், சற்று ஏமாற்றமாக. சுண்டல் பொட்டலம் 40 ரூபாய். மாங்காய்த் துண்டு தாராளம், தேங்காய் பேருக்கு.

மே 15, வியாழன் – ஒரு நூல்நிலையம், ஓர் ஆலமரம்

மறுபடி பெசன்ட் நகர். எழும்பூரிலிருந்து ஆட்டோ 350 என்று ஆரம்பித்து 280இல் நின்றது. கடல் கொண்ட ஊரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று முகிலன் சொன்னதும், ஓட்டுநர் பின்னால் திரும்பாமலேயே, "2015 டிசம்பரில் வந்திருக்க வேண்டும் தம்பி. சைதாப்பேட்டையே கடல்தான். என் வண்டி அதற்குள்தான் கிடந்தது" என்றார். இறங்கும்போது பத்து ரூபாய் மீதியைத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தார்.

முதலில் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம். பையனுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். நம் கடல்கோள் கதையில் ஒரு முக்கியமான பகுதி உ.வே.சா. தேடிச் சேர்த்த ஓலைச் சுவடிகள் வழியாகத்தான் அச்சுக்கு வந்தது. உ.வே.சா. 1892இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்று இளங்கோ சொன்னது இரண்டே அடி. உரைகாரர் அதை விரித்து, பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே 700 காவதம், அதில் ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு என்று 49 நாடுகள் எனக் கணக்குக் கொடுக்கிறார். இறையனார் அகப்பொருள் உரையிலோ தென்மதுரைச் சங்கம் 4,440 ஆண்டு, கபாடபுரத்துச் சங்கம் 3,700 ஆண்டு. இரண்டு ஊரையும் கடல் கொண்டது.

சுவடிகளை வருவோர் போவோரெல்லாம் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. அதுதான் முறையும். அச்சுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். முகிலன் பாட்டைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்தான்.

"ஒரு காவதம் எவ்வளவு சித்தி?"

"பத்து மைல் என்பார்கள்."

என் கைபேசியை வாங்கித் தட்டினான். "ஏழாயிரம் மைல். கன்னியாகுமரியிலிருந்து தெற்கே ஏழாயிரம் மைல் போனால் தென் துருவத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஏற ஆரம்பித்துவிடுவோம்."

பக்கத்து மேசையில் ஏதோ குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வயதானவர் நிமிர்ந்து பார்த்தார். அதட்டுவார் என்று நினைத்தேன். "காவதக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும் தம்பி. ஆனால் கேட்டது நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். என் அப்பா என்றால், "உரைகாரர் பொய் சொல்லுவாரா?" என்று கேட்டிருப்பார். அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சு இருக்காது.

பிற்பகல் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம். வெளியாட்களைக் காலையில் கொஞ்ச நேரமும் பிற்பகலில் கொஞ்ச நேரமும்தான் விடுகிறார்கள். உள்ளே நுழைந்ததும் சென்னை காணாமல் போய்விடுகிறது. ஹார்ன் சத்தம் இல்லை, குப்பை இல்லை, வெயில்கூட வடிகட்டித்தான் விழுகிறது. சபையை நிறுவிய ஒல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1882இல் இந்த ஆற்றங்கரைக்கு வந்தார்கள். அதே 1882இல்தான் அமெரிக்காவில் இக்னேஷியஸ் டானலி, அட்லாண்டிஸ் உண்மையாகவே இருந்தது என்று ஒரு தடித்த புத்தகம் போட்டு உலகத்தைக் கிளப்பிவிட்டார். பிளேட்டோ தம் உரையாடல் நூல் இரண்டில் சொல்லிவைத்த கதை அது. ஏதென்ஸ் அறிஞர் சோலோன் காலத்துக்கு 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரே பகலிலும் இரவிலும் மூழ்கிய தீவு.

பெரிய ஆலமரத்தடியில் உட்கார்ந்து முகிலனிடம் லெமூரியாவைச் சொன்னேன். எனக்கு இது எளிதான வேலை இல்லை. 1864இல் லண்டனில் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது. லெமூர் என்ற, குரங்குக்குத் தூரத்து உறவான விலங்கு மடகாஸ்கரில் நிறைய இருக்கிறது. அதன் உறவுக்கார விலங்குகள் இந்தியாவிலும் இருக்கின்றன. நடுவில் இவ்வளவு கடல் இருக்கும்போது எப்படி வந்து சேர்ந்தன? முன்பு நடுவில் நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று எழுதி, அதற்கு லெமூரியா என்று பெயரும் வைத்தார். பல்லாவரத்துக் கல் கிடைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பிளாவட்ஸ்கி அம்மையார் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, 1888இல் அதில் ராட்சத உருவ ஆதி மனிதர்களைக் குடியேற்றினார். அவர் வழி வந்தவர்கள் வரைபடமும் போட்டார்கள். அப்புறம் நம்மவர்கள் அந்தக் கண்டத்தையும் இளங்கோவின் இரண்டு அடியையும் சேர்த்துத் தைத்தார்கள். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபிறகு விஞ்ஞானத்துக்கு லெமூரியா தேவைப்படவில்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

"அப்போது உங்கள் டப்பா பொய்யா?" என்றான்.

"டப்பா எவர்சில்வர்" என்றேன். வேறு என்ன சொல்வது?

இந்த ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்துவிட்டதாம். நான் பரிசு வாங்கிய அதே வருடம். இப்போது இருப்பது விழுதுகள் மட்டும். முகிலன் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "அட்லாண்டிஸில் நடுவில் கோயில், சுற்றி இரண்டு வளையம் நிலம், மூன்று வளையம் தண்ணீர். இங்கே வளையம் இருக்கிறது, நடு இல்லை" என்றான். காவலர் விசில் ஊதினார். நேரம் முடிந்துவிட்டது.

மே 16, வெள்ளி – எழும்பூர் அருங்காட்சியகம் (வெளிப்புறம் மட்டும்)

வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊருக்கே தெரியும், வாசல் பலகையிலும் எழுதியிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம், ஃபூட் சேகரித்த கற்கருவிகள் இருக்கிற இடம், ஆதிச்சநல்லூர்த் தாழிப் பொருள்கள் இருக்கிற இடம் என்று விடுதியிலிருந்து நடந்து வரும்போதே முழங்கிவிட்டேன். பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றோம். "ஆதிச்சநல்லூர் நம் ஊர்ப் பக்கம்தானே சித்தி? அங்கேயே பார்த்திருக்கலாமே" என்றான். இளநீர் 60 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தேன்.

அங்கிருந்து மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயில் நடை சாத்தும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். தரை சுட்ட சூட்டில் முகிலன் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே பிரகாரம் வந்தான். ஒரு பாட்டி தன் ஈரத் துண்டைத் தரையில் விரித்து, "இதில் நில் ராஜா" என்றார். அருணகிரிநாதர் பாடியது கடலலை அருகே இருந்த மயிலையை. இப்போதைய கோயிலிலிருந்து கடலுக்கு ஒரு நல்ல நடை இருக்கிறது. பழைய கோயில் சாந்தோம் பக்கம் கரையில் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் போய்விட்டது என்பார்கள்.

"கடல் கொண்டதா, ஆள் இடித்தார்களா?"

"ஆள்தான் என்கிறார்கள்."

"அப்படியானால் இது கணக்கில் சேராது" என்று நோட்டில் ஏதோ அடித்தான். எட்டிப் பார்த்தேன். பட்டியல் வைத்திருக்கிறான். தென்மதுரைக்கு எதிரே கேள்விக்குறி, லெமூரியாவுக்குக் குரங்குப் படம், மயிலைக்குப் பெருக்கல் குறி. ரோஸ்மில்க் குடித்துவிட்டு அறைக்குத் திரும்பினோம். வாளி நிரம்பி வழிந்திருந்தது. என் ஒரு ஜோடிச் செருப்பு மிதந்தது.

மே 17, சனி – மாமல்லபுரம், சாளுவன்குப்பம்

விடியற்காலையிலேயே பஸ். டப்பாவில் மெஸ்ஸில் வாங்கிய எலுமிச்சை சாதம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று முகத்தில் அடித்ததும் நான்கு நாளில் முதல் முறையாக எனக்குப் பாடத் தோன்றியது. பாடவில்லை.

நுழைவுச் சீட்டு 40 ரூபாய், முகிலனுக்கு இல்லை. கடற்கரைக் கோயில், பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தது, 1,300 வருடமாக உப்புக்காற்றைக் குடித்துக் குடித்து, நந்திகளெல்லாம் சோப்புக்கட்டி போல வழவழத்துவிட்டன. இரண்டு சிவன் சன்னிதிகளுக்கு நடுவே ஆயுதம் எதுவுமின்றிப் பள்ளிகொண்ட பெருமாள் இருட்டில் கிடக்கிறார். முகிலன் இதையெல்லாம் பார்த்ததாகத் தெரியவில்லை. கடலையே பார்த்தான். இங்கே ஏழு கோயில்கள் இருந்தன, ஆறைக் கடல் கொண்டுவிட்டது என்பது மாலுமிகள் சொல்லிவந்த கதை. 1788இல் அச்சான வில்லியம் சேம்பர்ஸின் கட்டுரையில், செம்புத் தகடு வேய்ந்த கோபுர உச்சிகள் காலை வெயிலில் கடலுக்குள் மின்னியதைத் தங்கள் காலத்துக் கிழவர்கள் பார்த்ததாக ஊர்க்காரர்கள் சொன்ன செய்தி இருக்கிறது.

திரும்பிப் பார்த்தால் பையன் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டிருக்கிறான்! திருநெல்வேலியிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான். "அ" போட்டு முடிப்பதற்குள் விசில். காவலர் ஓடிவந்தார். நான் குறுக்கே விழுந்து மன்னிப்புக் கேட்டேன். "பாறையில் எழுதினால் என் வேலை போய்விடும் அம்மா" என்று மட்டும் சொல்லி, கைக்குட்டையை நனைத்துத் தாமே துடைத்தார். சாக்பீஸ் அவர் பைக்குள் போனது. அரைமணி கழித்து வெளியே வரும்போது பார்த்தால், அவரும் இன்னொருவரும் சிமென்ட் தரையில் அதே சாக்பீஸால் ஆடுபுலிக் கட்டம் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கோயிலுக்கு அப்பால் படகு நிறுத்தியிருக்கும் கரையில் ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். முகிலன் நேராகப் போய், "தாத்தா, உள்ளே கோயில் இருக்கிறதா?" என்று கேட்டான்.

"உனக்குக் கோயில். எங்களுக்கு அது பார்" என்றார். கடலுக்குள் பாறைத் திட்டைப் பார் என்கிறார்கள். "அங்கே வலை போட்டால் கிழியும். ஆனால் மீன் அங்கேதான் நிற்கும். 2002இல் வெள்ளைக்காரர்களும் நம் ஆட்களும் வந்து முங்கிப் பார்த்தார்கள். சுவர் இருக்கிறது, வெட்டிய கல் இருக்கிறது என்றார்கள். இருக்கட்டும்."

"சுனாமி அன்றைக்குக் கடல் உள்வாங்கியபோது கல் வரிசை தெரிந்ததாமே?" என்றேன் நான்.

ஊசியை நிறுத்தினார். "தெரிந்தது என்கிறார்கள் அம்மா. நான் எங்கே பார்த்தேன்? பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன்."

முகிலன் அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம். பெரியவர் கூடையிலிருந்து நுங்கு ஒன்றை எடுத்துச் சீவிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதியம் வஞ்சிர வறுவல், துண்டு 180. கறிவேப்பிலையை அள்ளிப் போட்டிருந்தார்கள். இந்தப் பயணத்தில் விலை அதிகம் என்று நான் முணுமுணுக்காத ஒரே பொருள்.

பிறகு ஆட்டோவில் சாளுவன்குப்பம். புலிக்குகை வரை எல்லோரும் வருகிறார்கள். அதற்குக் கொஞ்சம் வடக்கே மணல்மேட்டைத் தாண்டி யாரும் போவதில்லை. சுனாமி அங்கே மணலை அரித்ததில் பாறை ஒன்றின் கல்வெட்டு வெளியே தெரிந்தது. திருவிழிச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலுக்குக் கழஞ்சுக் கணக்கில் பொன் கொடுத்த செய்தி. கோயில் எங்கே என்று தேடித் தொல்லியல் துறை தோண்டியது. பல்லவர் காலத்துக் கோயில் கிடைத்தது, அதற்கும் அடியில் சங்க காலத்தது என்று சொல்லப்படும் செங்கல் கோயில். செங்கல் கட்டடத்தைக் கடல்தான் பெயர்த்தது என்பது அகழ்ந்தவர்கள் கருத்து.

நான் ஏதோ பெரிதாக எதிர்பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. எங்கள் வீட்டு மாடி அளவுக்கு ஒரு பள்ளம். செங்கல் வரிசை, முன்னால் ஒரு கல்வேல், அவ்வளவுதான். சவுக்குத் தோப்புக் காற்று. நாய் ஒன்று நிழலில் படுத்திருந்தது. முகிலன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு செங்கலின் நீள அகலத்தைத் தன் விரலால் சாணளந்து நோட்டில் குறித்தான். நான்கு நாளாக நான் சொன்ன எதையும் அவன் இவ்வளவு கவனமாகக் குறித்ததில்லை. திருவிழிச்சில் என்ற பெயருக்கு எதிரே பெரிதாக ஒரு சரி போட்டான். "சின்ன ஊர்தான் சித்தி. ஆனால் இருக்கிறது."

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். உட்கார இடம் கிடைத்ததும் தூங்கிவிட்டேன். திருவான்மியூரில் முகிலன் உலுக்கியபோது அவசர அவசரமாக இறங்கினோம். பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. டப்பா இருக்கைக்கு அடியில். நேரக் காப்பாளர் இரண்டு இடத்துக்குத் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தார், பாவம். "எவர்சில்வர் என்றால் கிடைக்காதே அம்மா" என்றார். முப்பத்தாறு வருடம். அப்பாவின் கையெழுத்து எதுவும் அதில் இல்லை. வெட்டியது பாத்திரக் கடைக்காரர்தான். இருந்தாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. வாளியில் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மே 18, ஞாயிறு – ரயிலில்

அருங்காட்சியகம் இன்றைக்குத் திறந்திருக்கும் என்றேன். முகிலன் வேண்டாம் என்றான், ஆதிச்சநல்லூருக்கே போவதாகத் திட்டம் மாறிவிட்டது.

செங்கல்பட்டு ஏரியைத் தாண்டும்போது அக்கா கூப்பிட்டாள். அவன்தான் எடுத்தான்.

"அம்மா, சித்தியின் பரிசு டப்பாவைக் கடல் கொண்டுவிட்டது... ஆமாம், மாமல்லபுரத்தில்... பாறைமேல் வைத்திருந்தோம்... ஒரே அலை."

என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விழுப்புரம் வருவதற்குள் பெரிய அக்காவிடமிருந்து அழைப்பு. "அலை பனைமர உயரமாமே? உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? உள்ளே சாப்பாடு இருந்ததாடி?"

"எலுமிச்சை சாதம்" என்றேன்.